கேமரன் மலையில் டிப்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எப்படி?



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் போதும். தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் வண்டிகள் வரிசை பிடித்துக் கேமரன் மலைக்கு ஏறத் தொடங்கிவிடும். குளிர், ஸ்ட்ராபெர்ரி, அவித்த சோளம், தேயிலைத் தோட்டம், பிரிஞ்சாங் முருகன் கோயில் என்று பட்டியல் தயாராக இருக்கும். தங்குவதற்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கும் போட்டுவிடுவோம். ஆனால் ஒரு கணக்கை மட்டும் நம்மில் பெரும்பாலோர் போடுவதே இல்லை. அதுதான் டிப்ஸ்.

இந்த வாரத் தொலைக்காட்சி அரங்கத்தில் நாம் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு இதுதான். "டிப்ஸெல்லாம் ஒரு தலைப்பா?" என்று சிரித்துக்கொண்டுதான் பலரும் வந்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிடத்தில் அரங்கம் மூன்றாகப் பிரிந்துவிட்டது.

"சம்பளம் கொடுப்பது முதலாளியின் வேலை. நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்றது ஒரு தரப்பு. "மனசுக்குப் பட்டதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்கென்ன சட்டதிட்டம்?" என்றது இன்னொரு தரப்பு. மூன்றாவதாக எழுந்தவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு சகோதரி. "எங்கம்மா கொழுந்து வெட்டிக்கிட்டிருந்தப்போ கார்ல வந்தவங்க ரெண்டு வெள்ளிய நீட்டி, 'கொஞ்சம் சிரிங்க'ன்னாங்க. அம்மா வாங்கல. வீட்டுக்கு வந்து, 'நான் என்ன கேட்டேனா?'ன்னு மட்டும் சொன்னாங்க" என்றார்.

அரங்கம் சற்று நேரம் அமைதியாகிவிட்டது. இரண்டு வெள்ளி பெரிய பணமில்லை. ஆனால் அதைக் கொடுத்த விதம் ஒரு மனுஷியை அத்தனை ஆண்டுகள் உறுத்தியிருக்கிறது.

எனவே முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். டிப்ஸ் என்பது நாம் பெற்ற ஓர் உதவிக்கு நாம் சொல்லும் நன்றி. அது சம்பளம் அல்ல. லஞ்சமும் அல்ல. பிச்சை நிச்சயமாக அல்ல. இந்த மூன்றிலிருந்தும் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், எங்கே கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பில்லில் இரண்டு 'சேவை'

உணவகத்திலிருந்தே தொடங்குவோம். தானா ராத்தாவிலோ பிரிஞ்சாங்கிலோ ஒரு பெரிய விடுதியில் குடும்பத்தோடு சாப்பிடுகிறீர்கள். மெனு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். நாம் 'பிளஸ் பிளஸ்' என்போமே, அதுதான். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் ஏறக்குறைய 116 வெள்ளி வரும். அந்தக் கூடுதல் 16 வெள்ளி எங்கே போகிறது?

இதில் ஒன்று சேவை வரி. மற்றொன்று சேவைக் கட்டணம். இரண்டிலும் 'சேவை' என்ற சொல் இருப்பதால் நம்மவர்கள் ஒன்றென நினைத்துவிடுகிறார்கள். சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது. 2018 செப்டம்பர் 1-ஆம் தேதி மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது அது 6 விழுக்காடு. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு 8 விழுக்காடாக உயர்ந்தது. உணவு, பானங்களுக்கு 6 விழுக்காட்டிலேயே நிற்கிறது. ஆண்டு வருமானம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள்தான் இந்த வரியை வசூலிக்கும். ஆகவே சாலையோரத்து ரொட்டி சானாய் கடையில் உங்களுக்கு இது வராது.

சேவைக் கட்டணம் என்பது பெரும்பாலும் 10 விழுக்காடு. இது வரி அல்ல. ஊழியர்களின் சேவைக்காக என்று சொல்லி வாங்கப்படுவது. அப்படியென்றால் அது உண்மையிலேயே ஊழியர்களுக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையா? நம் நாட்டில் இது நீதிமன்றம் வரை போன விவகாரம். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்த பிறகு, ஊழியர்களுக்குச் சேர வேண்டிய சேவைக் கட்டணப் பணத்தைக் கொண்டே குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பிக் காட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. விடுதி ஊழியர் சங்கம் போராடியது. அப்படிச் செய்ய முடியாது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் தந்த பணம் வேறு, முதலாளி தர வேண்டிய சம்பளம் வேறு என்பதே அதன் சாரம்.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் இருந்தால், நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். அதற்கு மேல் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குழந்தைக்குத் தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், வயதான அம்மாவுக்குப் படியிறங்கக் கை கொடுத்தார் என்றால் அந்த ஒருவருக்குத் தனியாக ஐந்து வெள்ளி கொடுங்கள். சேவைக் கட்டணம் இல்லாத சின்னக் கடையில் மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வருவது போதும். நம் நாட்டில் அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

வெளிநாட்டு உறவினர்களை அழைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி வாங்கப்படுகிறது. அதுவும் அரசாங்கத்துக்குப் போவதுதான். அதை டிப்ஸ் என்று நினைத்துக்கொண்டு அறை சுத்தம் செய்யும் பெண்ணை மறந்துவிடக் கூடாது.

நாட்டுக்கு நாடு வழக்கம்

"அமெரிக்காவில் 20 விழுக்காடு கொடுக்கிறார்களாமே?" என்று ஓர் இளைஞர் கேட்டார். உண்மைதான். ஆனால் ஏன் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி ஒரு மணி நேரத்துக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-இலிருந்து இந்தத் தொகை ஏறவே இல்லை. சில மாநிலங்கள் கூடுதலாகத் தர வைக்கின்றன என்றாலும், பல இடங்களில் டிப்ஸ் இல்லாவிட்டால் ஊழியரின் வீட்டில் அடுப்பு எரியாது. அதாவது, நன்றியாக இருக்க வேண்டியது சம்பளமாகவே மாறிவிட்டது.

ஜப்பானில் இதற்கு நேர்மாறு. மேசையில் பணத்தை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், வாடிக்கையாளர் தரும் டிப்ஸில் முதலாளி எதையும் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்தியாவில் உணவகங்கள் பில்லில் தாமாகவே சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது என்று 2022-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது; டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. சென்னைக்குப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் டிப்ஸ் வாங்குவதற்கென்று தனியாகக் குறைத்து வைத்த சம்பளம் சட்டத்தில் இல்லை. 2013-இல் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளியில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம், 2025-இல் 1,700 வெள்ளியாகியிருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பெரும்பாலான நிறுவனங்களுக்கும், ஆகஸ்டில் ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தத் தொடங்கியது. மணிக்கணக்கில் பார்த்தால் 8 வெள்ளி 72 சென்.

இந்த 8 வெள்ளி 72 சென் என்ற எண்ணை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 10 வெள்ளி டிப்ஸ் கொடுத்தால், அது ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஒரு மணி நேர உழைப்பை விடக் கொஞ்சம் அதிகம். 2 வெள்ளி என்பது கால் மணி நேரத்துக்கும் குறைவு. "எவ்வளவு கொடுப்பது?" என்று கை தடுமாறும்போது, "இவர் எனக்காகத் தன் நேரத்தில் எவ்வளவு செலவழித்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை தானாக வரும்.

கொழுந்து வெட்டுகிறவர் படப்பொருள் அல்ல

இப்போது தோட்டத்துக்குள் வருவோம்.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இந்த மலையைப் பற்றிக் குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை தொடங்கியது. காட்டை வெட்டி, மலைச்சரிவைத் திருத்தி, செடி வைத்து வளர்த்தவர்களில் நம் தமிழர்கள் எத்தனை பேர் என்பது தோட்டத்தில் பிறந்த குடும்பங்களுக்குத் தெரியும். இன்று அந்தத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் படித்துப் பட்டணத்துக்கு இறங்கிவிட்டார்கள். சரிவுகளில் இப்போது வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள்.

சுங்கை பாலாஸ் தோட்டத்தின் தேநீர் மையத்துக்குப் போனால், தொழிற்சாலையைப் பார்க்கலாம். உயரத்தில் நின்று பச்சை மலையை ரசித்துக்கொண்டே தேநீர் குடிக்கலாம். அது பார்வையாளர்களுக்கான இடம். ஆனால் செடிகளுக்கு நடுவே குனிந்து நிற்கிறாரே, அவர் இருப்பது வேலைத்தளத்தில். நம் அலுவலகத்துக்குள் யாரோ நுழைந்து, "கொஞ்சம் இப்படித் திரும்புங்க, சிரிங்க" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். கையால் கிள்ளிய காலம் போய், இன்று பெரிய கத்தரிக்கோலாலும், இரண்டு பேர் பிடித்துச் செல்லும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். ஆனாலும் சரிவில் கால் ஊன்றி, சுமையைத் தூக்கி நடப்பது மனிதர்தான். எடைக்கு ஏற்பக் கூலி என்பது தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அப்படிப்பட்ட வேலையில் இருப்பவரைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால், அந்தப் பத்து நிமிடக் கொழுந்து அவருடைய கூடையில் விழாது. நமக்கு அது ஒரு புகைப்படம். அவருக்கு அது கூலி.

ஆகவே என் யோசனை இது. முதலில், அனுமதியில்லாமல் செடி வரிசைக்குள் இறங்காதீர்கள். அது தனியார் நிலம், சரிவில் வழுக்கும், மருந்து தெளித்திருக்கவும் கூடும். தூரத்திலிருந்து மலையைப் படமெடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒருவரின் முகத்தைப் படமெடுப்பதென்றால் கேட்க வேண்டும். தமிழர் என்றால், "அக்கா, வணக்கம். ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். மற்றவர் என்றால், "போலே அம்பில் கம்பார்?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்று தலையசைத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். வெள்ளியைக் காட்டி அந்த 'வேண்டாம்' என்பதை 'சரி'யாக மாற்றப் பார்க்காதீர்கள். தோட்டத்துப் பெண்மணியின் அந்த இரண்டு வெள்ளிக் கதையில் நடந்தது அதுதான்.

அவர் சம்மதித்து, சில நிமிடம் ஒதுக்கி, பேசி, சிரித்தால்? படம் எடுத்து முடித்த பிறகு 5 வெள்ளி கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு அந்த 8 வெள்ளி 72 சென் கணக்குப்படி பார்த்தால் ஒன்றரை வெள்ளிதான் வரும். 5 வெள்ளி என்பது அவருடைய நேரத்துக்கு மரியாதையான ஈடு. "உங்க நேரத்த எடுத்துக்கிட்டோம்க்கா" என்று சொல்லிக் கொடுங்கள். இந்த ஒரு வாக்கியம் பணத்தின் நிறத்தையே மாற்றிவிடும். தோட்ட நிர்வாகம் பணம் வாங்கக் கூடாது என்று சொல்லியிருந்தால், அவர் மறுக்கலாம். வற்புறுத்த வேண்டாம். நம்மால் அவருக்குச் சங்கடம் வரக் கூடாது.

இலங்கையின் நுவரெலியாப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சாலையோரத் தோட்டங்களில் படம் எடுத்தால் பணம் கேட்கும் வழக்கம் அங்கே பரவியிருக்கிறது. "கேட்கிறார்களே" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. முகம் சுளிப்பதற்கு முன்னால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அவர்களின் முகம் எத்தனையோ வாழ்த்து அட்டைகளிலும் தேயிலை விளம்பரங்களிலும் வந்துவிட்டது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் விலை கேட்டால் மட்டும் அது தப்பாகிவிடுமா?

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். தோட்டக் குடியிருப்பிலோ ஓராங் அஸ்லி கிராமத்திலோ ஓடிவரும் குழந்தைகளுக்குப் பணமோ மிட்டாயோ கொடுக்காதீர்கள். வண்டியைக் கண்டால் கை நீட்ட வேண்டும் என்ற பாடத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்கள் நாமாக இருக்க வேண்டாம்.

ஆப்பிரிக்காவில் ஒரு பெட்டி

கேமரன் மலையின் இன்னொரு அடையாளம் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள். பிரிஞ்சாங் மலை உச்சிக்கும், பாசி படர்ந்த காட்டுக்கும் அரை நாள் பயணமாக அழைத்துப் போவார்கள். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், குறுகலான பாதையில், மூடுபனியில் வண்டி ஓட்டுவது சாதாரண வேலை இல்லை. பல வேளைகளில் ஓட்டுநரே வழிகாட்டியும்கூட. கெண்டிச் செடியைக் காட்டுவார், மூலிகை இலையைக் கசக்கி முகரக் கொடுப்பார், பாட்டியைக் கைபிடித்து இறக்கிவிடுவார். நாம் என்ன செய்கிறோம்? கட்டணத்தை நிறுவனத்திடம் கட்டிவிட்டோம் என்று இறங்கி நடந்துவிடுகிறோம்.

இங்கே ஆப்பிரிக்காவைக் கொஞ்சம் பார்க்கலாம். கென்யாவின் மாசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி போன்ற இடங்களுக்கு வனவிலங்கு பார்க்கப் போகிறவர்களுக்குப் பயண நிறுவனங்கள் முன்கூட்டியே ஒரு குறிப்பு கொடுத்துவிடுவது வழக்கம். வழிகாட்டிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, முகாம் ஊழியர்களுக்கு இவ்வளவு என்று அதில் இருக்கும். பல முகாம்களில் ஒரு பொதுப் பெட்டி வைத்திருப்பார்கள். சமையல்காரர், துணி துவைப்பவர், இரவுக் காவலர் என்று நம் கண்ணில் படாதவர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் பெட்டிப் பணம் பிரிக்கப்படும். வழிகாட்டிக்குக் கொடுப்பது மட்டும் கடைசி நாளில், தனியாக, கையில்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, நேராக உதவியவருக்கு நேராகக் கொடுப்பது. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாமல் உழைத்தவரை மறக்காமல் இருப்பது.

நம் மூத்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். கங்காணி காலத்தில் தொழிலாளியின் உழைப்புக்கும் கூலிக்கும் நடுவே எப்போதும் ஒரு கை இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தனிக் காசு போகும். நடுவில் ஒரு கை இருந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்ட சமூகம் நம்முடையது. ஆகவே குழுவாகப் பேருந்தில் போகும்போது, "டிப்ஸுக்காக ஆளுக்கு இவ்வளவு" என்று முன்பே வசூலித்தால், அது யாருக்கெல்லாம் போகிறது என்று கேளுங்கள். ஓட்டுநருக்கு உண்டா? உள்ளூர் வழிகாட்டிக்கு உண்டா? கேட்பதில் தவறில்லை. பணிவாகக் கேட்டால் போதும்.

அரை நாள் வண்டிப் பயணத்துக்கு ஒரு குடும்பம் 10 முதல் 20 வெள்ளி வரை கொடுப்பது சரியாக இருக்கும். முழு நாளென்றால் 30 வரை போகலாம். சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் அதற்கான அட்டையை அணிந்திருப்பார்கள். அதைப் பார்த்து அமர்த்திக்கொள்வது நமக்கும் பாதுகாப்பு. காட்டுக்குள் ரஃப்லேசியா மலரைப் பார்க்க ஓராங் அஸ்லி நண்பர் வழிகாட்டினால், ஏற்பாடு செய்த நிறுவனத்துக்குக் கட்டிய பணத்தில் அவருக்கு எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. அவர் கையிலேயே தனியாக 10 வெள்ளி கொடுங்கள்.

தாப்பா சாலையோரத்தில் ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாயும் தேனும் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே டிப்ஸ் தேவையில்லை; நியாயமான விலைக்கு வாங்கினாலே போதும். அரை மணி நேரம் பேரம் பேசி மூன்று வெள்ளியைக் குறைத்துவிட்டு, பெரிய விடுதியின் வாசலில் கதவைத் திறந்துவிட்டவருக்கு ஐந்து வெள்ளி நீட்டுவது என்ன நியாயம்?

அறையைச் சுத்தம் செய்பவரை நாம் பார்ப்பதே இல்லை. நாம் வெளியே போன பிறகு வருவார், நாம் திரும்புவதற்குள் போய்விடுவார். ஓர் இரவுக்கு 3 முதல் 5 வெள்ளி தலையணை மேல் வைத்துவிட்டு, 'நன்றி' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வையுங்கள். சீட்டு ஏன் தெரியுமா? வெறும் பணம் மட்டும் கிடந்தால், விருந்தினர் மறந்துவிட்டுப் போனதோ என்று பயந்து தொடமாட்டார்கள். பெட்டி தூக்கியவருக்கு ஒரு பெட்டிக்கு 2 வெள்ளி. மின்தூக்கி இல்லாமல் மூன்று மாடி ஏறியிருந்தால் அதைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

மாமூலும் கோப்பிக் காசும்

தமிழ்நாட்டில் 'மாமூல்' என்று ஒரு சொல் உண்டு. அரபு மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு 'வழக்கம்' என்றுதான் பொருள். "மாமூலா வர்ற கடை" என்றால் வழக்கமாக வரும் கடை. ஆனால் இன்று 'மாமூல் வாங்கினார்' என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. நம் ஊரிலும் அப்படியே. 'கோப்பிக் காசு' என்றால் ஒரு கோப்பை காப்பிக்கான காசு என்று யார் நினைக்கிறார்கள்?

நன்றிக்காகக் கொடுக்கும் பணம் எந்த இடத்தில் லஞ்சமாகிறது? பார்ப்பது எளிது. வேலை முடிந்த பிறகு, நாலு பேர் பார்க்க, விதியை வளைக்காமல் கொடுத்தால் அது நன்றி. வேலைக்கு முன்னால், மறைத்து, கூடாததைக் கூடும்படி செய்வதற்குக் கொடுத்தால் அது லஞ்சம். காட்டுப் பாதை மூடியிருக்கிறது என்று பலகை வைத்திருக்கும்போது, "அண்ணே, பார்த்து விடுங்க" என்று காவலாளியின் சட்டைப்பையில் நோட்டைச் செருகுவது டிப்ஸ் அல்ல. அந்தப் பாதை மண்சரிவுக்காக மூடப்பட்டிருக்கலாம். அந்த 10 வெள்ளியால் நாம் ஆபத்தை விலை கொடுத்து வாங்குகிறோம். காவலாளியின் வேலைக்கும் உலை வைக்கிறோம். அரசு அதிகாரிகளுக்கு இப்படிக் கொடுப்பதோ, 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி குற்றம். வாங்கியவருக்கு மட்டுமல்ல, கொடுத்தவருக்கும் 20 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

கொடுக்கத் தெரிந்த சமூகம் நாம்

"எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை, கூச்சமாக இருக்கிறது" என்று அரங்கத்தில் ஒருவர் உண்மையைச் சொன்னார். நமக்கா தெரியாது? கல்யாண வீட்டில் மொய் வைக்கும்போது 50-ஐ 51 ஆக்கி, உறையில் போட்டு, இரண்டு கையாலும் கொடுக்கிறோம். சீனர்களிடமிருந்து ஆங்பாவ் பழக்கத்தை எடுத்துக்கொண்டு தீபாவளிக்கே ஆங்பாவ் கொடுக்கும் மக்கள் நாம். உறைக்குள் எவ்வளவு என்று கொடுப்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் அங்கேயே பிரித்துப் பார்ப்பதில்லை. வாங்குகிறவர் தலை குனியக் கூடாது என்பதற்கான ஏற்பாடுதானே அது?

அதே பழக்கத்தை மலைக்கும் கொண்டு போங்கள். புறப்படும் முன் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டுகள் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு மிஞ்சிய உறைகள் நாலைந்து கைப்பையில் இருக்கட்டும். கொடுக்கும்போது முகத்தைப் பார்த்து, பெயர் தெரிந்தால் பெயர் சொல்லி, எதற்காக என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். வலது கையால் கொடுங்கள். வண்டிக் கண்ணாடியை இறக்கி, உட்கார்ந்தபடியே நோட்டை நீட்டாதீர்கள். கொடுப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போடுவது அறவே வேண்டாம்.

இப்போது பலர் ரொக்கமே வைத்துக்கொள்வதில்லை. கியூஆர் குறியீட்டில் அனுப்புவதானால், அது யாருடைய கணக்கு என்று பாருங்கள். மேசையில் ஒட்டியிருப்பது கடையின் கணக்கு. அதில் போனது ஊழியருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஊழியரின் சொந்தக் குறியீட்டைக் கேட்பது அவருக்குச் சங்கடமாக இருந்தால், நோட்டே நல்லது.

கடைசியாக, "சம்பளம் கொடுப்பது முதலாளியின் வேலை" என்று வாதிட்ட நண்பருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொல்வது சரி. நம் ஐந்து வெள்ளி யாருடைய சம்பளத்தையும் உயர்த்திவிடாது. 900 வெள்ளியை 1,700 ஆக்கியது டிப்ஸ் அல்ல, சட்டம். சேவைக் கட்டணத்தைக் காப்பாற்றியது தாராள மனம் அல்ல, தொழிற்சங்கம். ஆகவே டிப்ஸ் கொடுத்துவிட்டோம், நம் கடமை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே நேரத்தில், சம்பளம் முதலாளியின் பொறுப்பு என்பதால் நன்றியும் முதலாளியின் பொறுப்பாகிவிடாது. பனியில் நம் குடும்பத்தைப் பத்திரமாக இறக்கிவிட்டவருக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

அடுத்த விடுமுறைக்கு மலையேறும் முன், கணக்கெழுதும் தாளில் பெட்ரோல், சாப்பாடு, விடுதி என்று எழுதிய பிறகு, கீழே இன்னொரு வரி சேருங்கள். இரண்டு நாள் பயணத்துக்கு 50 வெள்ளி ஒதுக்கினால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். யாராவது வாங்க மறுத்தால் வருத்தப்படாதீர்கள். "நன்றிக்கா" என்று வாயாரச் சொல்லிவிட்டு வாருங்கள். அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.